தோத்திரம் சொல்ல மறுத்த பிள்ளை

உங்கள் ஊசி டின் இன்று காலை என் வீடு தேடி வந்தது. கொண்டுவந்த பெண், உங்கள் தம்பி மகள் என்று சொல்லிக்கொண்டாள். நான் உடனே நம்பிவிடவில்லை. படியில் நிறுத்திவைத்தே, "ஒங்க அத்தைக்கு எந்த விரல் கோணல்?" என்று கேட்டேன். "வலது கை, ஆள்காட்டி விரல். மெஷின் ஊசி ஏறுனது" என்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினேன், தேத்தண்ணி ஊற்றினேன். நீங்கள் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள்.

டின்னைத் திறந்ததும் மெஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட புதுத்துணியும் கலந்த மணம் வந்தது. உள்ளே குண்டூசிகள், தேய்ந்த சோக்குக் கட்டி, அளவு நாடா. வேறொன்றும் இல்லை. வேறு ஏதாவது இருந்ததா என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டேன். இல்லை என்றாள். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறதாம். காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்த இந்த வருடத்தில் உங்களையும் விட்டுவைக்கவில்லை. அடக்கத்துக்கு எனக்கு ஆள் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். எந்த ஆளும் வரவில்லை. யார் அந்த ஆள் என்று கட்டாயம் விசாரிப்பேன்.

உங்களைக் கடைசிவரை "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் நீங்கள் முதன்முதல் என் வீட்டில் தைக்க வந்தபோது அந்த வார்த்தையில் மரியாதை இருந்ததே தவிர நம்பிக்கை இருக்கவில்லை. கண்டி டவுனில் நீங்கள் ஏறாத படி இல்லை. ஒரு வீட்டில் மெஷினை இறக்கினால் இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு. தையல்காரி வந்தால் வீட்டுக் கதை வெளியே போய்விடும் என்று பூசைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சொல்வார்கள். அதனால் நீங்கள் வருகிற அன்று காலையிலேயே அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சீனி டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று அடையாளம் வைத்தேன். அதையும் நீங்கள் கண்டுகொண்டீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வந்த வேலை என் மகள் ஞானத்தின் புதுநன்மைச் சட்டை, கோயிலில் முதன்முதல் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குகிற நாளுக்கு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அம்பிட்டியப் பாதையில் இருந்த அந்த வாடகை வீட்டில் நானும், டவுனில் இரும்புக்கடையில் எழுத்துவேலை பார்த்த என் வீட்டுக்காரரும், அவளும் இருந்தோம். முன் அறையில் வாத்தியார் இருந்தார். ஞானம் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். எங்களிடமே சாப்பாடு; மாலையில் ஞானத்துக்கு வீட்டில் பாடமும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவரைப் பற்றி அந்த நாளில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் புகழ்ந்திருப்பேன். கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். சுருட்டுக் கிடையாது. மாலையில் செபமாலையை அவர் தொடங்கினால் அந்தக் குரலுக்கே தெருவில் போகிறவர்கள் நின்று சிலுவை போடுவார்கள். வரும்போது மூன்று பள்ளிக்கூடங்களின் நற்சாட்சிக் கடிதங்கள் கொண்டுவந்தார். செபப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள் நான், ஆங்கிலம் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் சொன்னார். எல்லாவற்றிலும் நல்லவர், பக்திமான், பிள்ளைகளிடம் பிரியமானவர் என்றே இருந்தது. இவ்வளவு நல்லவரை மூன்று பள்ளிக்கூடங்களும் எதற்காக விட்டுக்கொடுத்தன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் சந்தேகப்படாத ஆளா, அக்கா? கீரை கொண்டுவருகிற சிங்களக் கிழவி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள் என்று அவளிடம் கீரை வாங்குவதையே நிறுத்தினேன். பீலியில் குளிக்கிற வண்டிக்காரர்கள் இருக்கிற நேரத்தில் பிள்ளையை அந்தப் பக்கம் விடமாட்டேன். வாசலைத் தாண்டி வருகிற எல்லாரையும் உற்றுப் பார்த்தேன். வாசலுக்கு உள்ளே இருந்தவரை மட்டும் பார்க்கவில்லை.

செபம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னும் போய்க் கைகூப்பி, "சேசுவுக்குத் தோத்திரம்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்வது நம் வழக்கம். நீங்கள் வந்த முதல் நாள் ஞானம் அப்பாவிடம் போனாள், என்னிடம் வந்தாள், மெஷின் பக்கத்தில் பாயில் இருந்த உங்களிடமும் வந்தாள். உங்களுக்குக் கூச்சம், கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். பிறகு அவள் குசினிப் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாருக்கு?" என்றேன்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"ஞானம், ஒன்னத்தான். வாத்தியாருக்கு யாரு சொல்றது?"

நான் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் முழங்காலில் இருத்தினேன். அவர் சிரித்தார். "விடுங்கம்மா, சின்னப் புள்ளதானே" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான்; கொஞ்ச நாளாகவே நானும் இழுத்துவந்து இருத்திக்கொண்டிருந்தேன். புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று அன்று ஒரு குட்டும் வைத்தேன். நீங்கள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு எந்த வீட்டில் போய் என் பிள்ளையை அடங்காப்பிடாரி என்று சொல்லப்போகிறாளோ என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டையைக் கையில் தொங்கவிட்டபடி குசினி வாசலுக்கு வந்தீர்கள்.

"தங்கச்சி, ஒரு வார்த்த."

"சொல்லுங்க."

"புள்ள முதுகுல பொத்தான் வேணாங்குது."

"வேணும் வேணாம்னு அவளா சொல்றது? நல்ல பொத்தானாப் பாத்து வாங்கி வச்சிருக்கேன். வச்சுத் தைங்க."

"தைச்சு மூடிருங்கன்னு சொல்லுது. அப்புறம் எப்புடிம்மா கழட்டுவன்னு கேட்டேன். கழட்ட வேணாம்னு சொல்லிச்சு."

அடுப்பில் பருப்பு பொங்கியது. நான் அதைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை.

"ஒம்போது வயசு. ஏதோ ஒளறுது."

"நேத்து எல்லாத்துக்கும் தோத்திரம் சொன்னிச்சு. எனக்கே சொன்னிச்சு, காலையில வந்த தையல்காரிக்கு. அந்த மனுசனுக்கு மட்டும் சொல்லல. எத்தன நாளா இப்புடி?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "வந்த வேலயப் பாருங்க. வாத்தியார் பேர எடுக்க ஒங்களுக்கு என்ன யோக்கியத இருக்கு? இந்த வீட்டுல தின்னுட்டு அடுத்த வீட்டுல கத விக்கிறவங்கதானே நீங்க!" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "ஆமா, விக்கிறவதான். என்ன நம்ப வேணாம். நான் போனதும் சீனிய அளந்து பாத்துக்கங்க. ஆனா என்னச் சந்தேகப்படுறதுல பாதியாவது அந்த ஆளச் சந்தேகப்படுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

அதைச் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டீர்கள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பருப்பைக் கிண்டிக்கொண்டு நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடினேன். எத்தனை நாளாக? வீட்டில் எத்தனை சுண்டு அரிசி போகிறது, எந்தக் கிழமை சவர்க்காரம் முடிந்தது என்பதெல்லாம் என் கணக்குக் கொப்பியைப் புரட்டினால் தெரியும். என் பிள்ளை எந்த நாளிலிருந்து பாட்டுப் பாடுவதை நிறுத்தினாள் என்பது அதில் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் பிடித்தேன். மழை தொடங்கிய மாதம். ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் பாடம் ஏறவில்லை என்று வாத்தியார் பாடத்தை நடுக்கூடத்திலிருந்து தன் அறைக்கு மாற்றிய மாதம். நான்தான் மேசையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அன்று மாலை, சட்டை போட்டுப் பார்க்க வேண்டும், பாடம் இல்லை என்று வாத்தியாரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, "அரை மணி நேரமாவது படிக்கலாமே" என்றார். மூன்றாம் முறையும் வந்தார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. ஒருவர் சிரிக்காதபோது முகம் எப்படி இருக்கும் என்பதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

பிள்ளையை எப்படிக் கேட்பது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். "மொகத்தப் பாத்துக் கேக்காதீங்க. கையில வேல வச்சுக்கிட்டுக் கேளுங்க. என்ன சொன்னாலும் அடிக்க மாட்டேன்னு மொதல்ல சொல்லிருங்க. சொல்லிட்டு அடிச்சிறாதீங்க." அடுத்த நாள் காலை அவர் பள்ளிக்கூடம் போனதும், பிள்ளையை வீட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, பின்வாசலில் சுளகை மடியில் வைத்து அரிசி பொறுக்கினேன். அவளும் பக்கத்தில் இருந்து கல் பொறுக்கினாள். நீங்கள் கூடத்தில் மெஷினை நிறுத்தவில்லை. நாங்கள் பேசுவது எங்களுக்கு மட்டும் கேட்கவேண்டும் என்றுதான் வெறும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த அறையில் நடந்ததை இந்த மடலில் எழுதமாட்டேன். ஒரு பிள்ளையைத் தொடக்கூடாத விதத்தில் தொட்டிருந்தார்; வெளியே சொன்னால் நன்மை நாக்கில் நெருப்பாகும் என்று சொல்லிவைத்திருந்தார். இவ்வளவு போதும். ஆனால் அவள் சொன்ன ஒன்றை எழுதத்தான் வேண்டும். "ஏன்டி அம்மாகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அவள் ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்கதானே என்னப் புடிச்சுக் கொண்டுபோய் அவருகிட்ட வுடுறீங்க."

சுளகு என் மடியிலிருந்து விழுந்தது. சிந்தின அரிசியை நான் பொறுக்கவில்லை. நீங்கள் வந்து பொறுக்கினீர்கள்.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு விறகுக்கட்டையைத் தூக்கினார், பிறகு கட்டையை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். கடைசியில் அவருக்கு மிஞ்சியது பயம்தான். "சத்தம் போடாத. ஆளக் கெளப்பிவிட்டுருவோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு நம்ம புள்ளைக்கு யாரு வருவா?" பொலிசுக்குப் போகலாமா என்று நான் உங்களைக் கேட்டேன். "போனா மொதக் கேள்வி அவரக் கேக்க மாட்டாங்க தங்கச்சி, புள்ளயத்தான் கேப்பாங்க. அது தாங்குமா?" என்றீர்கள். போகவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வாத்தியார் அன்றைக்கே பெட்டியைக் கட்டினார். தெருவில் எல்லாரிடமும் கும்பிட்டு விடைபெற்றார். எனக்கும் ஒரு கும்பிடு. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களிடம் போய்த் தலைகுனிந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். "பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம். எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது மூன்று கிழமைக்குப் பிறகு உங்கள் வாயால் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு வந்தீர்கள். மெஷின் இல்லாமல் நீங்கள் வந்தது அன்றுதான்.

"மடுல்கெல்லைக்கு மேல ஒரு தோட்டத்துல இருக்கான் தங்கச்சி. புதுசா பள்ளிக்கூடம் தொறந்திருக்காங்க. கையில கடதாசியோட போயிருக்கான். மூணு இல்ல, இப்ப நாலு."

நாலாவது கடிதத்தை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊகம் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். அவர் இன்றைக்கும் திருநாளன்று கோயிலில் முதல் வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நானும் அவரை அங்கே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நான் போய்ச் சொல்லப்போறேன். தையல்காரி சொன்னா சிரிப்பாங்க. நீங்களும் வந்தா நல்லது" என்றீர்கள். என் வீட்டுக்காரர் அறையிலிருந்தே கத்தினார்: "எங்க போற? ஊர் ஊராப் போய்த் தம்பட்டம் அடிக்கப் போறியா? நம்ம வீட்ட விட்டுப் போயிட்டான்ல, அதோட வுடு!"

நானும் விட்டுவிடத்தான் இருந்தேன், அக்கா. உண்மையைச் சொல்கிறேன். "இவரு சொல்றதும் சரிதானே" என்று உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போது கதவடியில் நின்ற ஞானம் கேட்டாள்:

"அம்மா, அந்தத் தோட்டத்துலயும் அவருக்குத் தோத்திரம் சொல்லச் சொல்லுவாங்களா?"

 என் வீட்டுக்காரர் எழுந்துவந்து, தன் குடையை எடுத்து என்னிடம் நீட்டினார். "காலையில மொதக் கோச்சிக்குப் போங்க" என்றார்.

வத்துகாமம் வரை கோச்சி, பன்வில வரை பஸ், அங்கிருந்து நடை. அது நீங்கள் பிறந்த பக்கம் என்று அன்றுதான் சொன்னீர்கள். வழியெல்லாம் ஆட்களைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அந்தப் பாதையில் ஒரு வளைவு, ஒரு பழைய வீடு, ஓடு சரிந்து, வாசலில் கொய்யாமரம். அங்கே வந்ததும் உங்கள் கதை நின்றது. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாதையின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தீர்கள். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து கதை மறுபடி தொடங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். நீங்கள் துணியை விரித்து ரவுக்கை அளவு எடுக்கத் தொடங்கினீர்கள். கூட்டம் சேர்ந்தது. கங்காணியின் பெண்சாதி வெற்றிலைப் பெட்டியோடு வந்து, ஒரு பலகையில் அமர்ந்து, எங்களை மேலும் கீழும் பார்த்தாள். நாடாவைச் சுருட்டியபடி நீங்கள் விசயத்தைத் தொடங்கினீர்கள். பாதி சொல்வதற்குள் அவள் கையைத் தூக்கினாள்.

"நிப்பாட்டு. எங்க புள்ளைங்களுக்கு ஒரு வாத்தியார் வேணும்னு எத்தன வருசம் தொரைகிட்டக் கெஞ்சினோம் தெரியுமா? இப்பத்தான் வந்தாரு. டவுன்காரிகளுக்கு அது பொறுக்கல."

"கல்யாணம் பேசியிருப்பாங்க, அவரு மாட்டேன்னுருப்பாரு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"யாரோ ஒரு புள்ளைக்குன்னு சொல்றியே, யாரு அந்தப் புள்ள? பேரு இல்லையா? ஆத்தா அப்பன் இல்லையா? ஊரு பேரு இல்லாத புள்ளைக்கு நடந்தத நாங்க ஏன் நம்பணும்?"

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல், "எனக்குத் தெரிஞ்ச வீட்டுப் புள்ள" என்று மறுபடியும் சொன்னீர்கள். சிரிப்பு கூடியது. துணி தைக்கிறவள் கதையும் தைப்பாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு முன் அதையேதான் நானும் என் குசினியில் நின்று சொன்னேன்.

எழுந்து நின்றேன். 

"எம் மகதான்" என்றேன். "ஒம்போது வயசு. எங்க வீட்டுல வச்சுச் சோறு போட்டேன் அந்த ஆளுக்கு. நான்தான் புள்ளயப் புடிச்சு இழுத்துக் கொண்டுபோய் அவரு முன்னால வுட்டேன். போக மாட்டேன்னு நின்னிச்சு. தலையில குட்டிக் கொண்டுபோய் வுட்டேன்."

கொழுந்துக் கூடைகள் ஈரத்தில் மணத்துக்கொண்டு சுவரோரம் கிடந்தன. இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி மெதுவாக அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எம் மவ நாலு நாளா பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவுறா" என்றாள். "நேத்து வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டுனேன்."

கங்காணியின் பெண்சாதி வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். முடிந்தது, இவள் போய்ப் புருசனிடம் சொல்லி எங்களைத் தோட்டத்தை விட்டுத் துரத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அதிலும் நான் பிழை. திங்கட்கிழமை காலை அவள் அதே பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குள்ளே போய், பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாளாம். "நானும் எழுத்துப் படிக்கப் போறேன் வாத்தியாரே" என்றாளாம். நாள் முழுக்க எழும்பவில்லையாம். அடுத்த நாளும் போனாள். அந்தக் கைக்குழந்தைக்காரியின் மகளைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டாள். ஒன்பது நாள் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் மூடுபனியில் வாத்தியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இதையெல்லாம் நீங்கள் வந்து சொன்னபோது நான் முதலில் கேட்டது, "எங்க போனான்?" என்பதைத்தான். உங்களுக்கும் தெரியவில்லை. பல்லேகலப் பக்கம் கேட்டோம், மாத்தளைப் பக்கம் கேட்டோம். இன்றைக்கும் தெரியாது. ஐந்தாவது கடிதம் ஒன்று எங்கேயோ இருக்கும்.

தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது வத்துகாமம் ஸ்டேசனில் கோச்சிக்குக் காத்திருந்தோம். "ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு அக்கா? பெத்த எனக்குத் தெரியல. ஒரு நாள்ல நீங்க கண்டுபுடிச்சீங்களே" என்று கேட்டேன். நீங்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு வீட்டுல குந்தி எழும்புறவளுக்குத் தெரியாமலா?" என்றீர்கள். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கொய்யாமரத்து வீட்டை அப்போதே நினைத்தேன். பதினொரு வருடமாக நினைக்கிறேன். அது யாருடைய வீடு? அங்கே நீங்கள் எத்தனை வயதில் போய்வந்தீர்கள்? யார் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டது? கையில் வேலை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், அடிக்க மாட்டேன் என்று சொல்லிக் கேட்கவேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தீர்கள். அப்படி உங்களை ஒருநாளாவது யாராவது கேட்டார்களா? என் மகளைக் கேட்டேன். உங்களைக் கேட்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தரம் என் வீட்டில் இருந்து தைத்தீர்கள். அரிசியும் சுளகும் அங்கேதான் இருந்தன. உங்கள் தம்பி மகளிடம் இன்றைக்கு அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த வீடு?" என்றாள். அவள் கண் கொஞ்சம் விலகியதுபோல் இருந்தது. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

ஞானத்தைக் கேட்டீர்கள் என்றால், நன்றாக இருக்கிறாள். இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போனது. எதற்காக என்று வந்தவர்கள் சொல்லவில்லை. மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்குக் கதை வருவதற்குக் கோச்சி வேண்டியதில்லை. இரண்டாவது தரம் தட்டிப்போன அன்று அவள் என்னிடம் சொன்னாள்: "அந்தத் தோட்டத்துக்குப் போனது சரிம்மா. எங் கதன்னு சொல்லியிருக்க வேணாம்."

"நான் பேரச் சொல்லல. எம் மகன்னுதான் சொன்னேன்."

"ஒங்களுக்கு இருக்குறது ஒரு மகதானே."

 பிறகு வந்த மாப்பிள்ளைக்கு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கம்பளையில் கம்பவுண்டர். கட்டிக்கொண்டார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு பெண்குழந்தை, நடக்கப் பழகுகிறது. அது யாரிடமாவது போக மாட்டேன் என்று அழுதால், அந்த ஆள் சங்கைக்குரிய சுவாமியாராக இருந்தாலும் சரி, ஞானம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறாள். மன்னிப்புக்கூடக் கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக ஒரு சுவாமியார் வந்திருக்கிறார். இளம் வயது, மெதுவான இனிமையான குரல். கோபப்பட்டதைச் சொன்னேன், பூசையில் பராக்குப் பார்த்ததைச் சொன்னேன். "பிறரைப் பற்றி வீண் சந்தேகம் கொண்டதுண்டா?" என்று கேட்டார்.

"உண்டு, சுவாமி."

"அடிக்கடியா?"

"எல்லா நாளும்."

"அதற்காக மனஸ்தாபப்படுகிறீர்களா?"

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்தபடி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வாங்கில் ஞானோபதேசப் பிள்ளைகள் அவருக்காகக் காத்திருக்கிற சத்தம் கேட்டது.

"சுவாமி இதுக்கு முந்தி எந்த ஊருல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

 அவர் ஊரின் பெயரைச் சொன்னார். நல்லவராகத்தான் இருக்கவேண்டும். அந்த ஊரில் எனக்கு ஒரு கடைக்காரரின் பெண்சாதியைத் தெரியும், அக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு கடதாசி போடுகிறேன்.